ஓர் உறையில் இரண்டு வாள்: கிளஸ்டர் சர்வர்களுக்கு இடையே பகிர்வு டிஸ்க்கைக் காக்கும் வழிகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, பெருங்குடியில் நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தின் சர்வர் அறையில், கிளஸ்டராக (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் கூட்டாக) இணைத்திருந்த இரண்டு சர்வர்களும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அவை பொதுவாகப் பயன்படுத்திய டிஸ்க் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. நின்றுபோனது, வேறொரு யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றுதான். அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் இரண்டு சர்வர்களும் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தன. பதில் வராததால் முதல் சர்வர் இறந்துவிட்டது என்று முடிவு செய்த இரண்டாம் சர்வர், டிஸ்க்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கியது. முதல் சர்வரும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ 40 நிமிடங்கள் இப்படி நடந்த பிறகே நாங்கள் கவனித்தோம். பேக்கப்பிலிருந்து மீட்க மூன்று நாட்கள் ஆயின. அதன் பிறகும் அந்த வாரத்துக் கணக்குப் பதிவுகளில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்று டிஸ்க் எதுவும் பழுதாகவில்லை, ரெய்டு (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் முறை) உடையவில்லை, சர்வர்களும் நலமாகவே இருந்தன என்பதுதான் இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற வழக்கமான ஃபைல் சிஸ்டங்கள், அந்த டிஸ்க் தமக்கு மட்டுமே சொந்தம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. எந்த இடம் காலியாக இருக்கிறது என்ற பட்டியலை டிஸ்க்கிலிருந்து படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டால், பின்னர் வேறு யாராவது அதை மாற்றியிருப்பார்களோ என்று அவை திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரே ஊருக்கு இரண்டு சார்பதிவாளர் அலுவலகங்கள் இருந்து, ஒவ்வொன்றும் தனிப் பதிவேடு வைத்துக்கொண்டு, ஒன்றின் பதிவு மற்றொன்றுக்குத் தெரியாமலே பத்திரம் பதிந்தால், ஒரே மனை இரண்டு பேருக்கு விற்கப்படுவதை யாரும் தடுக்க முடியாது. டிஸ்க்கிலும் அப்படியே நடக்கிறது: ஒரு சர்வர் ஒரு கோப்புக்கு ஒதுக்கிய அதே பிளாக்கை (டிஸ்க்கின் சிறு துண்டை), மற்றது இன்னொரு கோப்புக்கு ஒதுக்கிவிடுகிறது. முதல் சர்வர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை), இரண்டாம் சர்வர் முடிந்துபோன கதையாக எண்ணி மறுபடி ஓட்டிப் பார்த்துச் சுத்தம் செய்யும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. சேதம் உடனே கண்ணில் படாது என்பதால், மறுநாள் எடுக்கும் பேக்கப்பிலும் அது சேர்ந்துகொள்கிறது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, பகிர்வு டிஸ்க்குக்கான எந்த ஏற்பாட்டையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட சர்வர் உண்மையில் உயிரோடு இருந்து, சிறிது நேரம் கழித்து விழித்து எழுதினால், அந்த எழுத்தை யார் தடுக்கிறார்கள்? வேகம், விலை, வசதி எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு பார்க்க வேண்டியவை. இந்தக் கேள்வி வெறும் கற்பனையும் அல்ல. லினக்ஸின் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கை எட்டும் முறை) இணைப்பு அறுந்தால், அனுப்ப வேண்டிய எழுத்துகளை இயல்பு அமைப்பின்படி 120 வினாடிகள் வரை பிடித்து வைத்துக்கொண்டு, இணைப்பு திரும்பியதும் லினக்ஸ் அனுப்பிவிடுகிறது. ஒரே டிஸ்க்குக்குப் பல கேபிள் வழிகள் வைக்கும் மல்ட்டிபாத்தில், வழி கிடைக்கும்வரை காத்திருக்கும்படி அமைத்திருந்தால் அந்தக் காத்திருப்புக்கு எல்லையே இல்லை. மற்ற சர்வர் பொறுப்பேற்று இரண்டு நிமிடங்கள் ஆன பிறகு, பழைய சர்வரின் பழைய எழுத்து டிஸ்க்கில் வந்து விழ முடியும் என்பதே இதன் பொருள்.

பெயர்ப்பலகை நட்டால் போதுமா

டிஸ்க் யாருடையது என்று குறித்து வைக்கும் வழிகளை முதலில் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களில் பாதுகாப்பு என்ற பெயரில் இருப்பது இவைதான்.

டிஸ்க்குகளைச் சேர்த்து வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸின் எல்விஎம்மில் முன்பு டேக் என்ற முறை இருந்தது. இப்போது அந்த இடத்தைச் சிஸ்டம் ஐடி பிடித்திருக்கிறது. வால்யூம் குரூப்பின் (வால்யூம்கள் அடங்கிய தொகுப்பின்) குறிப்பேட்டிலேயே உரிமையாளர் சர்வரின் பெயர் எழுதப்படுகிறது. தன் பெயர் இல்லாத வால்யூம் குரூப்பை மற்ற சர்வரின் எல்விஎம் திறக்க மறுக்கிறது. அமைப்பது மிக எளிது. தனியாக எந்த சேவையும் ஓட வேண்டியதில்லை. தவறுதலாக ஒருவர் கட்டளை கொடுப்பதையும், சர்வர் பூட் ஆகும்போது தானாகவே வால்யூம்கள் திறந்துகொள்வதையும் இது தடுத்துவிடும். தினசரி நடக்கும் மனிதத் தவறுகளில் பெரும்பகுதி இவைதான் என்பதால், இதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் இது காலி மனையில் நட்டுவைக்கும் பெயர்ப்பலகையைப் போன்றது. நேர்மையானவர் பலகையைப் பார்த்து ஒதுங்கிப் போவார். ஏற்கெனவே உள்ளே குடியிருப்பவரைப் பலகை வெளியேற்றாது. இரண்டாம் சர்வர் பொறுப்பேற்கும்போது சிஸ்டம் ஐடியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. ஆனால் முதல் சர்வரில் ஏற்கெனவே திறந்திருக்கும் வால்யூம்கள் அதனால் மூடிக்கொள்வதில்லை. வர்தா நாளில் எங்களிடம் இருந்தது டேக் முறைதான். அது தன் வேலையைச் சரியாகவே செய்தது, கீழே இருக்க வேண்டிய வேலி மட்டும் இல்லை.

இதற்குப் போட்டியாக நிற்பது எல்விஎம்லாக்டி. இதில் பலகைக்குப் பதில் உண்மையான பூட்டு இருக்கிறது. வால்யூமைத் திறக்கும் முன் பூட்டைப் பெற வேண்டும். முன்பு இந்த வேலையைச் செய்த சிஎல்விஎம்டி, 2018-இல் வந்த எல்விஎம் 2.03 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகளைப் பார்த்து இன்றும் அதை அமைக்க முயல்பவர்களை நான் சந்திக்கிறேன் என்பதால் இதைச் சொல்கிறேன். எல்விஎம்லாக்டிக்குப் பூட்டு வழங்க இரண்டு வழிகள் உண்டு. டிஎல்எம் வழியில் சர்வர்கள் நெட்வொர்க் மூலம் பேசிப் பூட்டுகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கு, சர்வர்களின் நலம் விசாரிப்பைக் கவனிக்கும் கோரோசிங்க் என்ற கிளஸ்டர் மென்பொருள் கீழே ஓட வேண்டும். சான்லாக் வழியில் பூட்டுகள் டிஸ்க்கிலேயே எழுதப்படுகின்றன. நெட்வொர்க் அறுந்தாலும் டிஸ்க்கை எட்ட முடிகிறவரை யாரும் யாரையும் தவறாக இறந்தவராக எண்ணுவதில்லை. எங்கள் ஸ்விட்ச் நின்றுபோன கதைக்குச் சான்லாக் மிகப் பொருத்தமான மருந்தாக இருந்திருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை நேரம்: ஒவ்வொரு சர்வரும் சுமார் 20 வினாடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் தன் குத்தகையை (பூட்டை வைத்திருக்கும் கால உரிமையை) புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கத் தவறிய சர்வர் இறந்துவிட்டது என்று மற்றவர்கள் உறுதியாக எடுத்துக்கொள்ள, இயல்பு அமைப்பில் இரண்டு நிமிடங்களுக்கும் மேலாகிறது. பில் போடும் கடையின் மென்பொருளுக்கு இரண்டு நிமிட நிறுத்தம் பெரிதல்ல. பங்கு வர்த்தக மென்பொருளுக்கு அது பெரிது.

ஃபைல் சிஸ்டத்திலேயே இருக்கும் காவலையும் இங்கே சேர்க்க வேண்டும். எக்ஸ்ட்4-இல் எம்எம்பி என்ற வசதி இருக்கிறது. 2011-இல் வெளிவந்த லினக்ஸ் 3.0 முதல் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) உண்டு. திறந்து வைத்திருக்கும் சர்வர் சில வினாடிகளுக்கு ஒருமுறை குறிப்பிட்ட பிளாக்கில் ஓர் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும்; இன்னொரு சர்வர் மவுன்ட் செய்ய (திறந்து பயன்படுத்த) வந்தால், அந்த எண் மாறுகிறதா என்று காத்திருந்து பார்த்துவிட்டு மறுத்துவிடும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் இதையே மல்ட்டிஹோஸ்ட் என்ற அமைப்பு செய்கிறது. இரண்டும் இயல்பில் அணைந்தே இருக்கின்றன. இரண்டுக்கும் பணச் செலவு ஏதும் இல்லை. பகிர்வு டிஸ்க்கில் இவற்றை இயக்காமல் விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இப்படிப்பட்ட காவல் இல்லை. அன்று எங்கள் எக்ஸ்ட்4-இல் எம்எம்பி இயங்கியிருந்தால் இரண்டாம் சர்வரின் மவுன்ட் தோற்றிருக்கும், அந்த 40 நிமிடங்கள் நேர்ந்திருக்காது. ஆனால் முதல் சர்வர் உறைந்துபோய் எண்ணை மாற்றாமல் இருந்து, பிறகு விழித்திருந்தால், எம்எம்பியும் தாமதமாகவே விழித்திருக்கும்.

ஆக, இந்தப் பிரிவில் உள்ள எல்லா வழிகளும் முதன்மையாகப் புதிதாக நுழைபவரைத் தடுக்கின்றன. பழையவரை வெளியேற்றுவது வேறு வேலை.

பழையவரை வெளியேற்றும் மூன்று வழிகள்

அந்த வேலைக்குப் பெயர் ஃபென்சிங். சந்தேகத்துக்குரிய சர்வர் இனி எழுதவே முடியாது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. கிளஸ்டர் மேலாளரான பேஸ்மேக்கரில் இதை அணைத்து வைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. சோதனைக்காக அணைத்துவிட்டு அப்படியே உண்மையான பயன்பாட்டுக்கு அனுப்பிய கிளஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன், எங்களுடையதும் அவற்றில் ஒன்று.

மிகப் பரவலாக இருப்பது, ஐபிஎம்ஐ (சர்வருக்குள் உள்ள தனிச் சிப் வழியாக அதைத் தொலைவிலிருந்து இயக்கும் முறை) மூலம் சர்வரின் மின்சாரத்தையே துண்டிக்கும் வழி. இதன் நேர்மை எனக்குப் பிடிக்கும்: மின்சாரம் இல்லாத சர்வர் எழுதாது, அதன் நினைவகத்தில் காத்திருந்த எழுத்துகளும் அதனுடனே அழிந்துவிடும், திரும்பி எழும்போது சுத்தமாக எழும். மெதுவாக ஷட்டவுன் ஆகாமல் உடனே அணையும்படி ஏசிபிஐ (மின் மேலாண்மை) அமைப்பை மாற்றியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. ஐபிஎம்ஐ சிப் சர்வரின் அதே பவர் சப்ளையில்தான் உயிர் வாழ்கிறது. ஒரு ரேக்குக்கு மின்சாரம் முழுவதுமாகப் போனால், அந்தச் சர்வருடன் அதன் ஐபிஎம்ஐயும் போய்விடும். மற்ற ரேக்கில் உயிரோடு இருக்கும் சர்வர் "அணைந்துவிடு" என்று கட்டளை அனுப்பி, பதில் வராமல், மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே நிற்கும். பதில் வராததற்குக் காரணம் மின்சாரம் போனதா, கேபிள் அறுந்ததா என்று அதற்குத் தெரியாது. தெரியாதபோது காத்திருப்பதே சரி. எனவே ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, சர்வர் அணைந்திருப்பதை உறுதி செய்து, கையால் ஒப்புதல் கொடுக்கும்வரை சேவை திரும்பாது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சாலைகள் மூழ்கியிருந்த நாட்களில் யார் நேரில் போவது? தரைத்தளத்துக்குக் கீழே ஜெனரேட்டர் வைத்திருக்கும் கட்டடங்களில் இந்தக் கேள்விக்கு இன்றும் பதில் இல்லை. பதில் வராத ஐபிஎம்ஐயை "அணைந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும்படி அமைப்பைத் தளர்த்திவிடுவோம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அந்த யோசனையை ஏற்ற நொடியிலேயே வர்தா நாளின் கதை திரும்பிவிடும்.

இரண்டு சர்வர் மட்டும் உள்ள கிளஸ்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இணைப்பு அறுந்ததும் இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று சுட்டுவிடலாம். ஒரு பக்கத்துக்குச் சில வினாடி தாமதம் வைப்பது பழைய தீர்வு. வேறு கட்டடத்தில், வேறு மின் இணைப்பில் இருக்கும் சிறிய கணினியொன்றை, எந்தப் பக்கம் தொடர வேண்டும் என்று வாக்களிக்கும் மூன்றாவது வாக்காளராகச் சேர்ப்பது அதைவிட நல்ல தீர்வு. அந்த வாக்கை அளிக்கும் கோரோசிங்க்கின் கியூநெட்டி சேவைக்கு மிகச் சிறிய கணினியே போதும். ஒரு பெருங்குடி அலுவலகத்துக்கு அம்பத்தூரிலோ கிண்டியிலோ உள்ள கிளை அலுவலகக் கணினி அந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது வழி எஸ்பிடி. பகிர்வு டிஸ்க்கில் சில மெகாபைட் அளவுள்ள ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஒவ்வொரு சர்வருக்கும் அதில் ஓர் அஞ்சல் பெட்டி வைக்கிறார்கள். ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் அவருடைய பெட்டியில் "இறந்துபோ" என்ற செய்தியை எழுதுகிறார்கள். அவர் அதைப் படித்ததும் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறார். படிக்க முடியாத நிலையில் இருந்தால், வாட்ச்டாக் என்ற தனிக் கடிகாரம் அவரை ரீசெட் செய்துவிடும். ஐபிஎம்ஐக்கு உள்ள மின்சாரச் சிக்கல் இதற்கு இல்லை: மின்சாரம் இழந்த சர்வருக்கும் செய்தியை எழுதிவிட்டு, குறித்த நேரம் காத்திருந்தால் போதும், கிளஸ்டர் தானாகவே முன்னேறும். விலை குறைவு என்பதும் இதற்குச் சாதகம்.

இதில் ரசீது வருவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். செய்தி எழுதியவர், எதிர்த்தரப்பு இதற்குள் செத்திருக்கும் என்று கடிகாரத்தை நம்புகிறார். எனவே காத்திருப்பு நேரம் வாட்ச்டாக் நேரத்தைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கம். இயல்பு எண்கள் வாட்ச்டாக்குக்கு 5 வினாடியும் காத்திருப்புக்கு 10 வினாடியும். மல்ட்டிபாத் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு மாறவே 5 வினாடிக்கு மேல் ஆகும் அமைப்புகளில் இந்த எண்களை அப்படியே விட்டால், ஒரு கேபிளைக் கழற்றினாலே நலமான சர்வர் ரீசெட் ஆகிவிடும். வாட்ச்டாக் மதர்போர்டில் உள்ள உண்மையான கடிகாரமாக இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியமானது. சாஃப்ட்டாக் என்ற மென்பொருள் கடிகாரம் கெர்னலின் உயிரோடு ஒட்டியிருப்பது. கெர்னல் உறைந்தால் அதுவும் உறையும். மெய்நிகர் கணினிகளில் (ஒரு சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளில்) இது வெளிப்படையாகவே ஆபத்தானது: ஸ்னாப்ஷாட் எடுப்பதற்காக ஒரு கணினியை இடைநிறுத்தினால் அதன் உள்ளே ஓடும் கடிகாரமும் நின்றுவிடும்; அது விழிக்கும்போது, கடிகாரம் தாமதத்தை உணர்வதற்குள் வரிசையில் நின்ற எழுத்துகள் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மூன்றாவது வழியான ஸ்கஸி பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷனில்தான், என் கேள்விக்கு டிஸ்க்கே பதில் சொல்கிறது. ஒவ்வொரு சர்வரும் 8 பைட் நீளமுள்ள ஒரு சாவியை டிஸ்க் பெட்டியிடம் பதிவு செய்கிறது. பதிவு செய்தவர்கள் மட்டுமே எழுதலாம் என்ற வகை ஒதுக்கீட்டை அவர்களில் ஒருவர் வைக்கிறார். ஒருவரை வெளியேற்ற வேண்டியபோது, மற்றவர் அவருடைய சாவியை நீக்கும்படியும் அவருடைய நிலுவை வேலைகளைக் கைவிடும்படியும் டிஸ்க் பெட்டிக்குக் கட்டளை கொடுக்கிறார். அந்த நொடிக்குப் பிறகு அந்தச் சர்வர் அனுப்பும் ஒவ்வோர் எழுத்தையும் டிஸ்க் பெட்டி மறுத்துத் திருப்பி அனுப்புகிறது. அவர் இறந்தாரா, உறைந்தாரா, இடைநிறுத்தப்பட்டாரா, இரண்டு நிமிடம் கழித்து விழிப்பாரா என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. எல்விஎம்மின் பெயர்ப்பலகைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பலகைக்கும் காவலாளி நிற்கும் மதில் சுவருக்கும் உள்ள வேறுபாடே. விண்டோஸ் கிளஸ்டரும் அடியில் இதே ஒதுக்கீட்டையே நம்பியிருக்கிறது.

இதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அவை எல்லாம் அமைக்கும்போது தெரியாமல் ஆபத்து நேரத்தில் தெரிபவை. பதிவு என்பது சர்வருக்கும் டிஸ்க்குக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியானது. இரண்டு ஃபைபர் வழிகள் இருந்தால் இரண்டிலும் சாவி பதிய வேண்டும். ஒரு வழியில் மட்டும் பதிந்திருந்தால், மல்ட்டிபாத் மற்ற வழிக்கு மாறிய உடனே நலமான சர்வரின் எழுத்தே மறுக்கப்படும். மல்ட்டிபாத்தின் மேல் ஃபென்ஸ் ஸ்கஸி என்ற ஃபென்சிங் நிரலைப் போடாமல், மல்ட்டிபாத்துக்கென்றே உள்ள ஃபென்ஸ் எம்பாத்தைப் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான். மலிவான டிஸ்க் பெட்டிகளில் சில இந்த வசதியை முழுமையாகச் செய்வதில்லை. வாங்கும் முன் சோதித்துப் பார்க்க வேண்டும். மெய்நிகர் கணினிக்குள்ளிருந்து இதைச் செய்ய, பெரும்பாலும் டிஸ்க் நேரடியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். வெளியேற்றப்பட்ட சர்வர் எழுத முடியாமல் போனாலும் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், அதைத் தானாக ரீசெட் செய்ய ஒரு வாட்ச்டாக் துணை தேவை.

நம் ஊருக்கு மிகப் பொருந்தும் குறை ஒன்று இன்னும் இருக்கிறது. டிஸ்க் பெட்டியே மின்சாரம் இழந்து திரும்பினால், பதிவான சாவிகள் நினைவில் நிற்குமா? ஏபிடிபிஎல் என்ற விருப்பத்தோடு பதிவு செய்திருந்தால் நிற்கும். இல்லையென்றால் எல்லாச் சாவிகளும் ஒதுக்கீடும் அழிந்து, டிஸ்க் எல்லோருக்கும் திறந்துவிடும். மின்வாரியத்தின் மின்சாரம் போய், யுபிஎஸ் தீர்ந்து, ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில், வெளியேற்றப்பட்டவரும் உள்ளே இருப்பவரும் மறுபடி சமமாகிவிடுவார்கள். இந்த ஒரு விருப்பத்தைப் போட்டிருக்கிறோமா என்று சரிபார்க்காமல், மதில் கட்டிவிட்டோம் என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மிரரை எங்கே வைப்பது

ரெய்டை டிஸ்க் பெட்டியின் உள்ளேயே செய்வதா, சர்வரில் லினக்ஸின் எம்டி என்ற மென்பொருள் ரெய்டு மூலம் செய்வதா என்பது அடுத்த போட்டி. ஒரே பெட்டி இருந்தால் இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. பெட்டியின் இரட்டைக் கன்ட்ரோலர்களிடம் விட்டுவிட வேண்டும்.

இரண்டு பெட்டிகளை இரண்டு இடங்களில் வைத்து மிரர் செய்யும்போதுதான் (இரண்டிலும் ஒரே தரவை வைக்கும்போதுதான்) எம்டி தேவைப்படுகிறது. வழக்கமான எம்டி, ஃபைல் சிஸ்டத்தைப் போலவே தான் மட்டும்தான் உரிமையாளர் என்று நம்புகிறது. இரண்டு சர்வர்களும் பூட் ஆகும்போது ஒரே ரெய்டைத் தானாகச் சேர்த்துக்கொள்வது இதன் முதல் ஆபத்து. சேர்த்ததும் மிரரைச் சரிசெய்யும் ரீசிங்க் ஓடினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்: இரண்டாம் சர்வர் முதல் டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய பிளாக்கைப் படிக்கிறது, அதற்குள் முதல் சர்வர் அதே பிளாக்கில் புதிய தரவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதிவிடுகிறது, பிறகு இரண்டாம் சர்வர், தான் படித்த பழையதை இரண்டாவது டிஸ்க்கில் எழுதுகிறது. மிரரின் இரு பக்கங்களும் வேறு வேறாகிவிட்டன, ஆனால் ரெய்டு நலமாக இருப்பதாகவே அறிக்கை சொல்லும். எனவே எம்டியின் அமைப்புக் கோப்பில் தானாகச் சேர்ப்பதை முற்றிலும் அணைத்து, கிளஸ்டர் மேலாளர் மட்டுமே சேர்க்கும்படி வைக்க வேண்டும். அந்தக் கோப்பை மாற்றிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகத் தொடங்கும்போது ஏறும் சிறு கோப்புத் தொகுப்பை) புதுப்பிக்க மறந்தால், பூட் ஆகும்போது பழைய கோப்பே ஆட்சி செய்யும்.

2015-இல் வந்த லினக்ஸ் 4.1 முதல் கிளஸ்டர் எம்டி என்ற வகை இருக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி பிட்மேப் (எந்தப் பகுதிகளைச் சரிசெய்ய வேண்டும் என்ற குறிப்பு) வைத்து, டிஎல்எம் பூட்டுகளால் ரீசிங்க்கை ஒருங்கிணைக்கிறது. முதலில் ரெய்டு 1 மட்டுமே இதில் இயன்றது, பின்னர் ரெய்டு 10 சேர்ந்தது. ரெய்டு 5, 6 இல்லை. இரண்டு சர்வர்களும் ஒரே நேரத்தில் எழுதியே ஆக வேண்டிய அரிய இடங்களில் மட்டும் இது தேவை. மற்ற இடங்களில் ஒருவர் மட்டும் சேர்க்கும் சாதாரண எம்டியே போதும்.

தூரத்தைப் பற்றியும் ஒரு சொல். அம்பத்தூரில் ஒரு பெட்டி, சிறுசேரியில் ஒரு பெட்டி என்று வைத்து, கேபிள் செல்லும் வழி 50 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒளி ஃபைபரில் கிலோமீட்டருக்குச் சுமார் 5 மைக்ரோ வினாடி எடுக்கும் என்பதால், போய்த் திரும்ப அரை மில்லி வினாடி ஆகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் இந்த அரை மில்லி வினாடி கூடும். டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டிய எண் இது.

இரண்டு பேரும் எழுதியே ஆக வேண்டுமா

ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 ஆகியவை பல சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதற்கென்றே உருவான ஃபைல் சிஸ்டங்கள். இரண்டும் 2006-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தன. ஜிஎஃப்எஸ்ஸின் வேர் 1990-களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதை வளர்த்த சிஸ்டினா நிறுவனத்தை ரெட் ஹாட் 2003-இல் வாங்கியது. இவற்றைப் போட்டால் ஃபென்சிங் தேவையில்லை என்று எண்ணுபவர்கள் உண்டு; உண்மை நேர்மாறானது. ஒரு சர்வர் காணாமல் போனால், அது வெளியேற்றப்பட்டு அதன் ஜர்னல் ஓட்டி முடிக்கப்படும்வரை, மற்றவர்களின் வேலையும் அந்த ஃபைல் சிஸ்டத்தில் உறைந்து நிற்கும். ஒரே கோப்புறையில் இருவரும் மாறி மாறி எழுதினால் பூட்டு இங்கும் அங்கும் பந்தாகப் போய்வந்து வேகம் சரியும். 2025-இல் வெளியான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10-இலிருந்து ஜிஎஃப்எஸ்2 அடங்கிய ரெசிலியன்ட் ஸ்டோரேஜ் தொகுப்புக்கு ஆதரவும் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

"இரண்டு சர்வரும் ஒரே ஃபைல்களைப் பார்க்க வேண்டும்" என்று என்னிடம் வரும் கோரிக்கைகளைத் துருவிக் கேட்டால், பெரும்பாலும் ஒருவர் மவுன்ட் செய்து மற்றவருக்கு என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் கொடுத்தாலே நிறைவேறிவிடுகின்றன. அந்த ஒருவர் விழுந்தால் கிளஸ்டர் மேலாளர் மற்றவரை அந்த இடத்தில் அமர்த்தும்.

டிஸ்க்கைப் பகிரவே வேண்டாம் என்பவர்களின் தேர்வு டிஆர்பிடி. வியன்னாவைச் சேர்ந்த லின்பிட் உருவாக்கியது. 2010 முதல் லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது. ஒவ்வொரு சர்வரும் தன் சொந்த டிஸ்க்கில் எழுதி, நெட்வொர்க் வழியாக மற்றதற்கும் அனுப்புகிறது. புரோட்டோகால் சி அமைப்பில், இரு பக்கமும் எழுதிய பிறகே எழுத்து முடிந்ததாகக் கருதப்படும். இதிலும் இணைப்பு அறுந்து இருவரும் தனித்தனியே எழுதுவது நேரும். ஆனால் அதன் விளைவு வேறு, அந்த வேறுபாட்டுக்கு நான் மிகுந்த மதிப்புக் கொடுக்கிறேன்: பகிர்வு டிஸ்க்கில் இருவர் எழுதினால் மிஞ்சுவது சிதைந்த ஒரே நகல், டிஆர்பிடியில் மிஞ்சுபவை, ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும் உள்ளே முழுமையாக இருக்கும் இரண்டு நகல்கள். எது சரி என்று உட்கார்ந்து ஒப்பிட்டு, விடுபட்ட பதிவுகளைக் கையால் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்க் பெட்டிக்குப் பெரும் தொகை செலவிட இயலாத, ஒழுங்கான ஃபென்சிங் அமைக்கவும் ஆள் இல்லாத சிறு அலுவலகத்துக்கு, பகிர்வு டிஸ்க்கைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். மூன்றாவதாக டிஸ்க் இல்லாத ஒரு வாக்காளரையும் டிஆர்பிடி 9-இல் சேர்த்துவிட்டால் இரு பக்கமும் தனித்தனியே எழுதும் வாய்ப்பே அரிதாகிவிடும்.

இப்போது எங்களிடம் இருப்பது

இன்று நான் பொறுப்பில் வைத்திருக்கும் கிளஸ்டரில் ஒருவர் மட்டுமே எழுதுகிறார். எக்ஸ்ட்4-இல் எம்எம்பி இயக்கம், எல்விஎம்மில் சிஸ்டம் ஐடி, அதன் கீழே ஏபிடிபிஎல் விருப்பத்தோடு பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன், அதற்குத் துணையாக மதர்போர்டு வாட்ச்டாக், வேறு கட்டடத்தில் மூன்றாவது வாக்காளர். ஐபிஎம்ஐயும் இருக்கிறது, ஆனால் இரண்டாவது நிலையில்: ரிசர்வேஷன் தோற்றால் மட்டும் அது முயலும். ரிசர்வேஷனை ஒழுங்காகச் செய்யாத டிஸ்க் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு, உண்மையான வாட்ச்டாக்குடன் எஸ்பிடியையே சொல்வேன். நேரங்களை மல்ட்டிபாத் மாறும் நேரத்தை அளந்து அமைக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குகிறோம். கிளஸ்டர் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுகிறோம். பிறகு ஒரு ஃபைபர் வழியைக் கழற்றுகிறோம். பிறகு எழுதிக்கொண்டிருக்கும் சர்வரை உறையவைத்து, மற்றது பொறுப்பேற்கும்வரை காத்திருந்து, உறைந்ததை விடுவித்து, அதன் எழுத்து மறுக்கப்பட்டதற்கான வரி கெர்னல் பதிவில் வருகிறதா என்று பார்க்கிறோம். கடைசியாக டிஸ்க் பெட்டியின் இரண்டு பவர் கேபிள்களையும் உருவி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டி, சாவிகளின் பட்டியலைப் படிக்கிறோம். வெளியேற்றப்பட்ட சர்வரின் சாவி அதில் இல்லாமல், மற்றதன் சாவி மட்டும் இருந்தால் அந்த ஆண்டுக்கான தாளில் தேதியைப் போட்டுக் கையெழுத்திடுகிறோம்.